இரண்டாவது தம்பூரா

ஆதம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நால்வர் கூடுவது வழக்கம். அந்த வீட்டுக்கார நண்பரின் தந்தையார் ஓய்வு பெற்ற அரசு ஊழியர், சங்கீதப் பித்தர். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நடந்த கச்சேரிகளையும், கோயில் உற்சவக் கச்சேரிகளையும், நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணக் கச்சேரிகளையும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்பூல் நாடாவில் பதிந்துவைத்தவர். அவர் மறைந்தபோது ஒரு மர பீரோ நிறைய நாடாச் சுருள்கள் எஞ்சின. அவற்றில் பழையவை அசிடேட் நாடாக்கள். காய்ந்து, விளிம்பு சுருண்டு, திறந்தவுடன் காடி வாசனை அடிப்பவை. ஓடவிட்டால் ஒருமுறை ஓடும். மறுமுறை ஓடுமா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆகவே அந்த ஒரே ஓட்டத்தில் அவற்றைக் கணினிக்குள் ஏற்றிவிட வேண்டும், அதுவும் நல்ல ஹெட்போனில் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தபடி ஏற்ற வேண்டும் என்று முடிவாயிற்று.

முதல் நாடாவை ஏற்றியபோதே வினை வந்தது. பாடகிக்கும் தம்பூராவுக்கும் அடியில் இன்னொரு தம்பூரா கேட்டது. யாரும் மீட்டாத, சுருதி சேராத, நிற்காமல் முனகும் தம்பூரா. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அது. அதை விரட்டப் புறப்பட்ட நாங்கள் கேபிள்களின் உலகத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு மீட்டர் கம்பி முந்நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, மூன்று லட்சத்துக்கும் கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தேடியபோது கிடைத்தது ஒரு வரலாறு. அந்த வரலாற்றின் கணிசமான பகுதி இந்தச் சென்னைப்பட்டணத்தின் மண்ணிலும் கடலிலும் நடந்தது என்பதால் எழுதத் தோன்றிற்று.

*

ஒரு கம்பியின் வழியே சென்ற செய்தி மறுமுனையில் உருக்குலைந்து வருவதேன் என்ற கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் தந்திக்காரர்கள். சங்கீத ரசிகர்களின் முறை பின்னால்தான் வந்தது. இந்தியாவில் 1839லேயே கல்கத்தாவில் பரிசோதனைத் தந்தி அமைத்துப் பார்த்தவர் ஓஷானெஸ்ஸி என்ற மருத்துவர். அவருடைய முயற்சியால் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய ஊர்கள் கம்பியால் இணைக்கப்பட்டு, 1855இல் தந்தி பொதுமக்களின் பயனுக்கு வந்தது. நிலத்தின் மேல் கம்பங்களில் ஓடிய கம்பி பெரிய தொல்லை தரவில்லை. கடலுக்குள் போனபோதுதான் அறிவியல் விழித்துக்கொண்டது.

1858இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் போடப்பட்ட கேபிளின் வழியே விக்டோரியா மகாராணி அமெரிக்க அதிபருக்கு வாழ்த்து அனுப்பினார். 98 சொற்கள். போய்ச்சேர 16 மணி நேரம் பிடித்தது. செம்புக் கம்பி, அதைச் சுற்றிக் காப்புப் பொருள், அதற்கு வெளியே கடல்நீர் என்ற அமைப்பு ஒரு நீண்ட மின்தேக்கியாகிவிடுகிறது. ஒரு புள்ளியை அனுப்பினால் முதலில் அந்தத் தேக்கி நிரம்ப வேண்டும், பிறகு வடிய வேண்டும். நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்பதை வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். நிறுவனத்தின் மின்வல்லுநரான வைட்ஹவுஸ் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. சுமார் 2,000 வோல்ட் அழுத்தத்தைக் கொடுத்துச் செய்தியைத் தள்ளிப் பார்த்தார். சில வாரங்களில் கேபிள் செத்தது. அளந்து சொன்னவனுக்கும் அடித்துப் பார்த்தவனுக்கும் நடந்த அந்தச் சண்டை, இன்றைய ஹெட்போன் ரசிகர்களின் சண்டைகளுக்கெல்லாம் பாட்டன்.

சென்னையின் முறை 1870-71இல் வந்தது. நம் கடற்கரையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கேபிள் போடப்பட்டது. அந்தக் காலக் கேபிள்களின் காப்புப் பொருள் குட்டாபெர்ச்சா என்ற மரப்பால். அது வந்ததும் அதே மலாய்க் காடுகளிலிருந்து. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே 2,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். அத்தனை தூரத்தில் கம்பியின் மின்தேக்குத் திறன் உயிர்நாடியான விஷயம். பின்னர் ஆலிவர் ஹெவிசைடு என்ற, பள்ளிப்படிப்போடு நின்றுவிட்ட, காது மந்தமான ஆங்கிலேயர் 1880களில் கேபிள்களின் முழுக் கணக்கையும் சமன்பாடுகளாக எழுதினார். ஓரச்சுக் கேபிளுக்கு 1880இல் காப்புரிமை வாங்கியவரும் அவரே. நம் வீட்டு டிவிக்கு வரும் கேபிள் அந்த வம்சம். செவித்திறன் குறைந்த ஒருவர் செய்த கணக்குத்தான் இன்றைக்கு எந்தக் கம்பி எந்த ஒலியை என்ன செய்யும் என்று நமக்குச் சொல்கிறது.

அந்தக் கணக்கை ஹெட்போன் கம்பிக்குப் போட்டுப் பார்ப்பது சுவாரசியமானது. மனிதக் காது கேட்கும் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ். கம்பியில் மின்னலை செல்லும் வேகத்தை, ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் அந்த உச்ச ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். கம்பியின் நீளம் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தால்தான் தாம்சனும் ஹெவிசைடும் கவலைப்பட்ட சங்கடங்கள் தோன்றும். பினாங்குக்குப் போகும் கேபிளுக்கு அந்தக் கவலை உண்டு. மேசையிலிருந்து காதுக்குப் போகும் ஒன்றரை மீட்டர் கம்பிக்கு இல்லை.

*

ஹெட்போனின் பூர்வீகமும் தொலைபேசிதான். ஆம்ப்ளிஃபயரில் நாம் செருகும் அந்தத் தடித்த கால் அங்குலப் பிளக், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி நிலையங்களின் பலகைகளில் இணைப்புக் கொடுக்கப் பயன்பட்ட செருகி. சென்னையில் தொலைபேசி நிலையம் 1881-82 வாக்கில் வந்துவிட்டது. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹெட்போன்களைச் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். ரேடியோ வந்த பிறகு அந்தக் கருவி வீடுகளுக்குள் நுழைந்தது.

சென்னையில் ரேடியோ வந்தது 1924இல். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்நின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், அவ்வாண்டு ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. முதலில் அதன் கருவியின் திறன் 40 வாட். ஒரு சாதாரணக் குண்டு பல்பு. 1927இல் பணமில்லாமல் கிளப் நின்றுபோக, அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரை நகரத்தின் ரேடியோ மாநகராட்சியின் ரேடியோவாகவே இருந்தது. ஒரு நகராட்சி குப்பை அள்ளுவதோடு சங்கீதமும் ஒலிபரப்பியது என்பதை இன்றைய தலைமுறையிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அந்த ஆரம்ப நாட்களின் எளிய ரேடியோ, கிரிஸ்டல் செட். அதற்கு மின்சாரம் வேண்டாம், வால்வு வேண்டாம். கலினா என்ற ஈயத் தாதுக் கல்லை ஒரு கம்பி நுனியால் தொட்டால் போதும். அக்கல்லை அலையுணரியாகப் பயன்படுத்தும் முறைக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜகதீச சந்திர போஸ். ஆனால் அதிலிருந்து வரும் மின்னோட்டம் மிகச் சிறியது; ஸ்பீக்கரை அசைக்காது. ஆகவே ஹெட்போன் கட்டாயம். அந்த ஹெட்போனுக்குள் முடியினும் மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அதன் மின்தடை 2,000 ஓம் அளவில் இருக்கும். சென்னையில் ஹெட்போனில் சங்கீதம் கேட்ட முதல் தலைமுறை இவர்கள்தான்.

இந்த 2,000 ஓம் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1997இல் வெளிவந்து இன்றளவும் ரசிகர்கள் போற்றும் சென்ஹைசர் ஹெச்டி 600இன் மின்தடை 300 ஓம். செல்போனில் செருகும் சாதாரண ஹெட்போன் 32 ஓம். காதுத்துளைக்குள் செருகும் உயர்ரகக் கருவிகள் சில 16 ஓம், அதற்கும் கீழே. நூறாண்டுகளில் ஹெட்போனின் மின்தடை நூறில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது. கேபிளின் வரலாறு உண்மையில் இந்த இறக்கத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒன்றரை மீட்டர் மெல்லிய செம்புக் கம்பி, போக வர மூன்று மீட்டர், மொத்தத் தடை சுமார் 0.4 ஓம் என்று வைப்போம். 300 ஓம் ஹெட்போனில் அது உண்டாக்கும் இழப்பு டெசிபெல்லில் நூறில் ஒரு பங்கு. எந்தக் காதுக்கும் தெரியாது. 16 ஓம் கருவியில் ஐந்தில் ஒரு டெசிபெல். சும்மா இருந்தால் இதுவும் தெரியாது. ஆனால் காதுத்துளைக் கருவிகளில் சிலவற்றின் மின்தடை, சுரத்துக்குச் சுரம் ஏறி இறங்கும். அப்போது இழப்பும் ஏறி இறங்கும். மிருதங்கத்தின் தொப்பிக்கும் வலந்தலைக்கும் இடையேயான சமன் ஒரு மயிரிழை மாறலாம்.

இன்னொன்று. இடக் காதுக்கும் வலக் காதுக்கும் திரும்பும் கம்பி ஒன்றே என்ற மூன்று கம்பி அமைப்பில், பொதுக் கம்பியின் தடை 0.2 ஓம் என்றால், 32 ஓம் ஹெட்போனில் ஒரு பக்கத்து ஒலி மறுபக்கத்தில் 44 டெசிபெல் குறைவாகக் கசியும். இடப்புறத்து வயலின் வலக் காதிலும் மெல்ல எட்டிப் பார்க்கும். நான்கு கம்பியாகப் பிரித்தால் இந்தக் கசிவு அற்றுப்போகும். இப்போது பிரபலமாகியிருக்கும் 4.4 மில்லிமீட்டர் பிளக்கின் நியாயங்களில் ஒன்று இது. இத்தனைக்கும் வேண்டியது சற்றுத் தடித்த செம்புதான். வெள்ளி, செம்பைவிட ஐந்தாறு சதவீதமே நன்றாக மின்சாரம் கடத்தும். அந்த ஐந்து சதவீதத்தைச் செம்புக் கம்பியின் விட்டத்தில் கடுகளவு கூட்டிப் பெற்றுவிடலாம். தங்கம் செம்பைவிட மட்டம். ஆனால் தங்கம் களிம்பேறாது. சென்னையின் உப்புக் காற்றில் பிளக்கின் முனைக்குத் தங்கப்பூச்சு பூசுவது வீண் ஆடம்பரமல்ல. கம்பியின் உட்புறத்தில் வெள்ளி வைப்பதுதான் ஆடம்பரம்.

இவ்வளவையும் நாங்கள் பின்னால்தான் படித்தோம். முன்னால் செய்தது வேறு. நகரத்தில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், வெள்ளிக் கம்பி ஜோடி ஒன்றை எங்கள் நால்வரின் பணத்தையும் சேர்த்து வாங்கி வந்தோம். விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாடாப் பெட்டிக்கும் கணினியோடு இணைந்த மாற்றிக் கருவிக்கும் நடுவில் மாட்டினோம். கேட்டோம். எங்களில் ஒருவர் வீணை சற்றுத் திறந்து கேட்கிறது என்றார். இன்னொருவர் ஆமோதித்தார். ஆனால் அந்த இரண்டாவது தம்பூரா முன்போலவே முனகிக்கொண்டிருந்தது. நாடாவில் வீணையே இல்லை, அது வாய்ப்பாட்டும் வயலினும் என்பதை வீட்டுக்கார நண்பர்தான் நினைவூட்டினார்.

*

காது பொய் சொல்லும் என்பதற்கு நாங்கள் மட்டும் சாட்சியல்ல. 2007இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சிடியைவிட நுட்பமான பதிவை அப்படியே ஒலிக்கச் செய்வது, அதையே சிடியின் தரத்துக்குக் குறுக்கி ஒலிக்கச் செய்வது. எது எது என்று சொல்லாமல் கேட்கவைப்பது. 554 முறை கேட்டதில் சரியான விடை 276. காசைச் சுண்டிப் போட்டாலும் இவ்வளவுதான் வரும். அதே ஆண்டு, 7,250 டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக, மோசடிகளை அம்பலப்படுத்தும் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். ஒரு விமர்சகர் முன்வந்தார். தயாரித்த நிறுவனம் விலகிக்கொண்டது. சோதனை நடக்கவேயில்லை.

கேபிளை அளக்கும் பேச்சு வந்துவிட்டதால், எங்கள் வட்டாரத்தில் நடந்த வேறொரு அளவையைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. இந்திய நிலப்பரப்பையே அளந்த மாபெரும் முக்கோண அளவையின் முதல் அடிக்கோடு, 1802 ஏப்ரல், மே மாதங்களில் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கு நோக்கிப் போடப்பட்டது. ஏழரை மைல் நீளம். வில்லியம் லாம்டன் அதை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய் ஏற்கப்படாமல் திரும்பிய சங்கிலி அது என்பது ஒரு வேடிக்கை. சித்திரை வெயிலில் எஃகு நீளும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். சுமார் 400 தடவை. ஒரு உலோகத்தின் நீளத்தில் இம்மி மாற்றம் வந்தாலும் இமயம் வரை பிழை போகும் என்று அஞ்சியவர் அவர். அவருடைய பொறுமையில் நூறில் ஒரு பங்கு எங்களுக்கிருந்திருந்தால் அந்த வெள்ளிக் கம்பியை வாங்கியிருக்க மாட்டோம்.

*

சென்னையில் நல்ல ஒலிக்காக ஏங்கிய இரண்டாம் தலைமுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுகளைத் துழாவியவர்கள் அவர்கள். 1985 தீயில் அது சாம்பலானது. 1969இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக அமைந்த பர்மா பஜார், ஜப்பானிய டேப் ரிக்கார்டர்களையும் டிடிகே, மாக்ஸெல் காலி கேசட்டுகளையும் நகரத்துக்குக் காட்டியது. ரிச்சி தெருவில் கண்டென்சரும் டிரான்சிஸ்டரும் வாங்கி ஆம்ப்ளிஃபயரைத் தாமே கட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர்கள். பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிட, 90 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும், அதுவும் கணக்கில் சேர்த்தி. 1978இல் ‘ப்ரியா’ படத்தின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தபோது இரண்டு ஸ்பீக்கர் இல்லாத வீடுகளில் புதிய ஏக்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானில் சோனி வாக்மேன் வந்தது; அதன் முதல் மாடலில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள் வைத்திருந்தார்கள். ஹெட்போன் கேட்பவன் தனியன் ஆகிவிடுவான் என்று அதைச் செய்தவர்களுக்கே கூச்சம் இருந்திருக்கிறது போலும்.

1982இல் சிடி வந்தது. ஒலி எண்களாயிற்று. நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதிய எண்கள். ஏன் அந்த விசித்திர எண் என்றால், தொடக்கத்தில் இந்த எண்களைப் பதிய வீடியோ நாடாவையே பயன்படுத்தினார்கள். அதன் கோடுகளின் கணக்குக்குப் பொருந்திய எண் அது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து, எண்களை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்த எஸ்/பிடிஐஎஃப் என்ற முறையை வகுத்தன. நொடிக்கு 28 லட்சம் துணுக்குகள் ஒற்றைக் கம்பியில் ஓடும். இங்கேதான் ஹெவிசைடு திரும்பி வருகிறார்: இந்த வேகத்தில் 75 ஓம் குணத்தடை உள்ள ஓரச்சுக் கேபிள் வேண்டும், கண்ட கம்பியையும் போட்டால் முனைகளில் எதிரொலிப்பு வரும். ஆயினும் அதற்கு வேண்டியது டிவி கேபிள் ரகக் கம்பிதான். அதற்குமேல் செலவழிப்பது மனச்சாந்திக்கு.

1983இல் டோஷிபா நிறுவனம் இதே எண்களைச் சிவப்பு ஒளியாக்கிப் பிளாஸ்டிக் இழையில் அனுப்பும் டாஸ்லிங்க் இணைப்பைக் கொண்டுவந்தது. இழைக்குள் ஒளியை வளைத்துச் செலுத்தும் கலைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 1954இல் ஹாப்கின்ஸுடன் அவர் எழுதிய கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. கண்ணாடி இழையில் நெடுந்தூரச் செய்தி சாத்தியமே என்று 1966இல் காட்டிய சார்லஸ் காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது, கபானிக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றிய மனக்குறை நம்மவர்களிடம் உண்டு, நியாயமாகவே. 1996இல் வந்த யூஎஸ்பியை வகுத்த இன்டெல் குழுவை வழிநடத்திய அஜய் பட் பரோடாவில் படித்தவர். ஆக, ஆதம்பாக்கத்து மேசையின் மேல் கிடக்கும் ஒளியிழையிலும் யூஎஸ்பி கேபிளிலும் நம் நாட்டவர் கைவரிசை இருக்கிறது. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ என்ற ஒளியிழைக் கேபிள் கடலடியில் போடப்பட்டது. 1870-71இல் தந்திக் கேபிள் சென்ற அதே திசையில், குட்டாபெர்ச்சாவுக்குப் பதில் கண்ணாடி.

எண்களாக மாறிய ஒலிக்குக் கேபிள் என்ன செய்யும் என்பதில் பெருங்குழப்பம் நிலவுகிறது. எண்கள் சரியாக வந்து சேர்கின்றன, அல்லது சேரவில்லை. சேராவிட்டால் டிக் டிக் என்றோ மௌனமாகவோ தெரிந்துவிடும். அடிச்சுரம் இனிக்கிறது, மேல்ஸ்தாயி மின்னுகிறது என்றெல்லாம் எண்கள் சாயம் பூசிக்கொள்வதில்லை. எஞ்சுவது காலப் பிசகு. எஸ்/பிடிஐஎஃப்பில் எண்களோடு தாளமும் அதே கம்பியில் வருகிறது. பெறும் கருவி அந்தத் தாளத்தைப் பின்பற்ற வேண்டும். அனுப்புபவர் தாளம் தளர்ந்தால் பெறுபவரும் தளர்வார். பிற்கால யூஎஸ்பி கருவிகளில் தாளம் பெறும் கருவியின் கையில். அது கேட்டபோது கணினி எண்களைத் தருகிறது. கச்சேரியில் யார் தாளம் போடுவது என்பதைப் போன்ற வேறுபாடுதான். ப்ளூடூத்தைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. சிடியின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட் என்றால், ப்ளூடூத்தின் அடிப்படை முறை அதை 330க்குள் சுருக்கித் தருகிறது. நடைப்பயிற்சிக்குப் போதும்.

*

எங்கள் முனகலுக்கு மருந்து கிடைத்தது ஒரு மின்வெட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைக் கணினி பழுதானதால் நண்பரின் மடிக்கணினியை வைத்து ஏற்றிக்கொண்டிருந்தோம். மின்சாரம் போய்வந்தது. நாடாப் பெட்டியை மீண்டும் ஓடவிட்டபோது, மடிக்கணினியின் சார்ஜரை மாட்ட மறந்துவிட்டோம். ரீங்காரம் முக்கால்வாசி அடங்கிப்போயிருந்தது. சார்ஜரை மாட்டினோம், திரும்ப வந்தது. பிடுங்கினோம், போயிற்று. அரைமணி நேரம் சிறுபிள்ளைகள் போல இதையே செய்துகொண்டிருந்தோம்.

காரணம் கேபிளின் உலோகத்தில் இல்லை, கேபிள்கள் சேர்ந்து போட்ட வட்டத்தில் இருந்தது. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சுவரில் மூன்று முள் பிளக்; கணினிக்கு எதிர்ச் சுவரில். இரண்டு பிளக்குகளின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. பழைய வீடுகளில் இருப்பதும் அரிது. அந்த மின்னழுத்த வேறுபாடு, கணினி, யூஎஸ்பி கேபிள், மாற்றிக் கருவி, நாடாப் பெட்டி, ஆம்ப்ளிஃபயர் என்று எங்கள் கேபிள்களின் வெளியுறை வழியாகவே சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக் கம்பி நன்றாகக் கடத்தும் அல்லவா, அந்த ரீங்காரத்தையும் நன்றாகவே கடத்தியது. தனி அடாப்டரில் ஓடும், ஒளியிழை வழியே எண்களை அனுப்பும் மாற்றிக் கருவி ஒன்றைத் தேடிப் பிடித்தோம். பிளாஸ்டிக் இழை மின்சாரம் கடத்தாது; வட்டம் அறுந்தது. எல்லாப் பிளக்கையும் ஒரே பலகைக்கு மாற்றினோம். ஒளியிழையின் விலை, வெள்ளிக் கம்பிக்கு வாங்கிய பையின் விலைகூட இருக்காது.

ஆனால் ரீங்காரம் முழுக்கப் போகவில்லை. முக்கால்வாசி என்றோமே, அந்தக் கால்வாசி மிச்சம். எந்தக் கேபிளை மாற்றினாலும் அது அசையவில்லை. நாடாவை நிறுத்தினால் நின்றது. நாடா சற்று இழுத்துக்கொண்டு ஓடினால் அதுவும் சேர்ந்து இழுத்தது. அது நாடாவுக்குள்ளேயே இருந்தது. சபா மைக்செட்டின் முனகல், அன்றைக்கே பதிவாகியிருக்கிறது.

வடிகட்டிவிடலாமே என்று எங்களில் ஒருவர் சொன்னார். மென்பொருளில் அதற்கு வசதி உண்டு. ஆனால் ஐந்து கட்டைச் சுருதியின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தின் நான்காம் மடங்கு 200. அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கே விலகி நிற்கிறது. ஒரு கட்டைப் பாடகரானால் அவருடைய பஞ்சமமும் அதே இடம்தான். அதை வெட்டினால் தம்பூராவின் சதையும் கொஞ்சம் போகும். இது ஒரு பக்கம். மறுபக்கம், அந்த ரீங்காரம் எங்களுக்கு வேறொரு விதத்தில் தேவைப்பட்டது. பேட்டரியில் ஓடிய பழைய பதிவுப் பெட்டியின் வேகம் நம்பத்தக்கதல்ல. நாடாவை இன்று சரியான வேகத்தில் ஓட்டுகிறோமா, பாடகி உண்மையில் எந்தச் சுருதியில் பாடினார் என்பதற்கு ரீங்காரம் 50இல் நிற்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. அதுவும் பழுதற்ற வழியல்ல. 2003இல் புதிய கட்டண முறை வரும்வரை தென்னக மின்தொகுப்பின் அதிர்வெண்ணே 50இல் நின்றதில்லை. தேவை மிகுந்த மாலை நேரங்களில் 48.5 அளவுக்கு இறங்கியதுண்டு. அது அரைச்சுரத்தில் பாதியளவு வித்தியாசம். கச்சேரி நடப்பதும் மாலை நேரத்தில்தான். பாடகி சுருதியில் இருந்திருப்பார், மின்சாரம் விலகியிருந்திருக்கும். வீட்டில் மின்சாரத்தில் ஓடிய பெட்டியிலோ நிலைமை இன்னும் சிக்கல்: மோட்டாரும் மின்சாரத்தோடு சேர்ந்தே தளர்ந்திருந்தால், இன்று கேட்கும்போது ரீங்காரம் சரியாக 50 காட்டும், பாட்டுதான் சுருதி ஏறி ஒலிக்கும். அத்தகைய நாடாக்களுக்கு, அதே பாடகியின் வேறு பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு மார்க்கம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே வடிகட்டாமல் ஏற்றுவது என்று தீர்மானித்தோம். இதுவரை 31 சுருள்கள் ஏறியிருக்கின்றன. இரண்டு ஓடும்போதே நொறுங்கின. அவற்றில் ஒன்று நண்பரின் பெற்றோர் திருமணக் கச்சேரி என்று உறையில் எழுதியிருந்தது. நாங்கள் முதல் நாட்களில், வெள்ளிக் கம்பியைச் சோதிப்பதற்காக, கைக்கு வந்ததை எடுத்து ஓடவிட்ட சுருள் அது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற மாதம் ஏற்றிய சுருளில் கல்யாணி ஆலாபனையின் நடுவே திடீரென்று ரீங்காரம் நின்றது. பாட்டும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. கேபிள் கழன்றுவிட்டதென்று ஒருவர் எழுந்தேவிட்டார். நண்பர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டோம். மண்டபத்தில் மின்சாரம் போயிருக்கிறது. மைக்கும் ஸ்பீக்கரும் செத்துவிட்டன. முன்வரிசையில் பேட்டரிப் பெட்டியை மடியில் வைத்திருந்தவரின் நாடா மட்டும் ஓடுகிறது. பாடகி நிறுத்தவில்லை. விசிறி மட்டையின் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, உண்மையான தம்பூரா. மூன்று நிமிடம் போல அப்படி நடக்கிறது. பிறகு எங்கோ ஒரு விசை படீரென்று விழ, ரீங்காரம் திரும்பி வருகிறது. பெட்டிக்கு மிக அருகில், நண்பரின் தந்தையார் குரல், யாரிடமோ, “வந்துடுத்து” என்கிறது.